திரைக்குப் பின்னே நாலு தண்டவாளம்

வேம்புவை டெல்டாவின் பாதி ஊர்களில் 'ரயில்காரம்மா' என்றால்தான் தெரியும். சீர்காழிப் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவள். தஞ்சாவூரில் தகர வேலை பார்த்த சாமிதுரையைக் கட்டிக்கொண்டாள். அதிராம்பட்டினத்து வியாபாரி மீரா உசேன் பினாங்கிலிருந்து கொண்டுவந்த பொம்மை ரயில் ஒன்று ஓடாமல் கிடந்தது. சாமிதுரை அதை வாங்கிச் சரிசெய்து ஓடவிட்டான். பிறகு அதைப் பார்த்துத் தகரத்தில் இன்னும் ஆறு வண்டிகள் செய்தான். நிஜ ரயில் மாதிரி இருக்க வேண்டுமென்று பெட்டிகளை மட்டும் நீளமாகச் செய்தான். திருவிழாக்களில் ஓட்டிக் காட்டலாம் என்று சொன்னது வேம்பு.

அகலமான பலகைமேல் வயல், வாய்க்கால், அட்டையில் ஒரு ஸ்டேஷன். அதற்குப் பின்னால் கறுப்புத் திரை. திரைக்குப் பின்னே ஏழு தண்டவாளங்களில் ஏழு வண்டிகள் காத்து நிற்கும். வேம்பு மைக்கில் பெயர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக வெளியே வந்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரைக்குள் மறையும்.

எழுபத்திரண்டாம் வருஷம் மாசித் திருவிழாவுக்கு அவள் பிறந்த ஊருக்கே போனார்கள். அந்தத் தை அறுவடையில் அங்கே கூலித் தகராறு. அரசாங்கம் சட்டம் போட்ட கூலியைக் கேட்டு ஆட்கள் வயலில் இறங்க மறுத்திருந்தார்கள். முன்னால் நின்றவன் வேம்புவின் தம்பி இளையபெருமாள். விழாக் கமிட்டி முழுக்க மிராசுதார்கள்.

"இங்க இடம் கிடையாது. ஒன் தம்பி கொடி புடிக்கிறான்ல, அவங்கிட்டப் போயிக் கேளு" என்றார் கமிட்டிக் காரியதரிசி.

வேம்பு அப்படியே செய்தாள். இளையபெருமாள் கூலியாட்களின் சங்கக் கொட்டகையைத் திறந்துவிட்டான். ஆனால் பலகையில் பாதிதான் உள்ளே போயிற்று.

"ஏழு லைனையும் நெருக்கிப் போட்டுடலாம். நடுவுல ஒரு விரல் எடம் இருந்தாப் போதும்" என்றான் சாமிதுரை.

"வண்டி கவுந்தா எப்படித் தூக்குறது? என் கை உள்ள போகணுமே."

"கவுந்தாத்தானே?"

அன்று மத்தியானம் ஓட்டிப் பார்த்தார்கள். நேர்கோட்டில் வண்டிகள் உரசாமல்தான் வந்தன. வளைவில் மெயில் வண்டியின் நீளப் பெட்டி நடுவில் உட்பக்கமாகத் துருத்தி, பக்கத்து லைனில் நின்ற கூட்ஸை இடித்துத் தள்ளியது. அதைத் தூக்க வேம்பு கையை விட்டாள். கை பட்டு இன்னும் இரண்டு வண்டிகள் சரிந்தன. சாமிதுரை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

தண்டவாளங்களையெல்லாம் பிடுங்கினாள். வளைவில் நீளமான இரண்டு பெட்டிகளைக் கையாலேயே பக்கத்தில் பக்கத்தில் தள்ளிப் பார்த்து, எவ்வளவு விலகினால் உரசவில்லையோ அங்கே சாக்கட்டியால் கோடு போட்டாள். நேராக ஓடும் இடத்தில் தன் கையை நுழைத்து அளந்தாள். நாலு லைன்தான் தேறியது.

"நாலு வண்டிய வச்சிக்கிட்டு என்னத்தக் காட்டுறது?"

"திருச்சி பாசஞ்சரா போனது, திரும்பி வாரப்ப மாயவரம் பாசஞ்சர். பேருப் பலகைய மாத்துறதுக்கு எனக்குக் கையி இருக்குல்ல?"

சாயங்காலம் கொட்டகை நிரம்பி, வாசலிலும் கூட்டம் நின்றது. ஆட்டத்தின் நடுவே மெயில் வண்டி திரைக்குள் வந்ததும் தண்டவாளத்தை விட்டு இறங்கிவிட்டது. வேம்பு மைக்கை விடவில்லை. "சிக்னல் விழலைங்க, ட்ரைவர் டீ குடிக்கிறாரு" என்று சொல்லிக்கொண்டே, மறு கையை இரண்டு லைன்களுக்கு நடுவில் விட்டுப் பெட்டியைத் தூக்கி வைத்தாள். பக்கத்து வண்டிகள் அசையக்கூட இல்லை. "இந்தா கெளம்பிட்டாரு!" என்றதும் கொட்டகை ஆர்ப்பரித்தது. அத்தனை பேர் தன் பேச்சுக்குச் சிரித்ததில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுவருஷம் காரியதரிசியே தஞ்சாவூருக்கு வந்தார். "ஜனங்க கேக்குறாங்கம்மா. கோயில் மைதானத்துலயே எடம் தர்றோம், வாங்க."

"வர்றேங்க. பலகை முழுசாப் போடுற மாதிரி எடம் வேணும். இத்தனை நாளும் பின்னால நின்னு பாத்த எங்க தெரு சனங்க, இனிமே முன்வாசல் வழியாத்தான் வருவாங்க, முன்வரிசையில ஒக்காருவாங்க. சரின்னா சொல்லுங்க."

அவர் கேட்டுச் சொல்வதாகப் போனார். பத்து நாள் கழித்துச் சரி என்று ஆள் அனுப்பினார். அந்த மாசியில் மைதானத்தில் ஏழு வண்டிகளும் ஓடின. முதல் வரிசையில் வேம்புவின் அம்மா ராமாயி, நடவுக்குப் போகும் பெண்களோடு கால் நீட்டி உட்கார்ந்து, கூட்ஸ் வண்டியை இன்னொரு தடவை விடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள்.