கொழுந்து விளையாடிய நாள்

அந்த ஹெட்செட்டில் இடது காது வேலை செய்யாது. வலது காதின் பஞ்சு பிய்ந்துபோனதால் கறுப்பு டேப் சுற்றிவைத்திருந்தார் அண்ணன். மழைக்காலத்தில் அந்த டேப் பிசுபிசுத்து, கழற்றும்போது நாலு முடியையாவது பிடுங்கிக்கொண்டுதான் விடும். கடையில் இருந்த மற்ற நான்கும் நல்லவை. கடைசியாக வந்து சேர்ந்தவள் என்பதால் இது என் தலையில் விழுந்தது. ஒற்றைக் காதால் கேட்கிறவளுக்கு எதிரியின் காலடி இடப்பக்கம் கேட்கிறதா, வலப்பக்கம் கேட்கிறதா என்று தெரியாது. திரையில் மெல்லத் திரும்பித் திரும்பிப் பார்த்து, எந்தப் பக்கம் திரும்பும்போது சத்தம் கூடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அப்படிக் கேட்டுக் கேட்டே எனக்குக் காது கூர்மையாகிவிட்டது. நல்ல ஹெட்செட் கிடைத்திருந்தால் நான் அந்த விளையாட்டில் ஒன்றுக்கும் உதவாதவளாகவே இருந்திருப்பேன்.

அண்ணன் என்று நான் சொல்வது என் பெரியம்மாவின் மகனை. ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு தையல் கடையின் மாடியில் கொமினிகேஷன் வைத்திருந்தார். போட்டோ கொப்பி, டைப்பிங், வெளிநாட்டு டெலிபோன், பின்னால் ஒரு தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்டர்நெட். யுத்தம் முடிவதற்கு ஓரிரு வருடங்களுக்கு முந்திய காலம் அது. நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசைவீட்டு லயத்துக் காம்பராவில் சும்மா உட்கார்ந்திருந்தேன். சும்மா இருக்கிற பெண்ணைக் கண்டால் ஊருக்குக் கல்யாணப் பேச்சு வந்துவிடும். அதற்குப் பயந்துதான் அப்பா என்னை அண்ணனின் கடைக்கு டைப்பிங் வேலைக்கு அனுப்பினார்.

தடுப்புக்குப் பின்னால் ஐந்து பேர் கம்ப்யூட்டரில் விளையாடுவார்கள். ஐந்துக்கு ஐந்து. ஒரு கட்சி குண்டு வைக்கும், மற்றக் கட்சி அதைத் தடுக்கும். பஸ்ஸில் கேட்பாரற்று ஒரு பார்சல் கிடந்தால் ஆட்கள் அடித்துப்பிடித்து இறங்கி ஓடுகிற நாட்கள் அவை. வெளியே அப்படி இருக்க, உள்ளே நாங்கள் ஆசை ஆசையாகக் குண்டு வைத்துக்கொண்டிருந்தோம். இதை இன்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அன்று எங்களுக்கு அது வினோதமாகவே படவில்லை.

ஐவரில் ஒருவன் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான். ஆள் குறைந்தது. அண்ணன் என்னைக் கூப்பிட்டு, சும்மா ஆள் கணக்குக்கு வந்து உட்கார் என்றார். உட்கார்ந்தேன். விளையாட்டில் ஒரு பெயர் வைக்கவேண்டும் என்றார்கள். அம்மா பறிக்கிற தேயிலையை நினைத்து, கொழுந்து என்று வைத்துக்கொண்டேன். மற்றவர்களெல்லாம் புலி, பேய், மரணம் என்று பெயர் வைத்திருந்த இடத்தில் கொழுந்து. பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு கொழும்புப் பையன்களோடு இன்டர்நெட்டில் மோத ஆரம்பித்தபோது, அந்த ழகரத்தை உச்சரிக்க முடியாமல் அவர்கள் பட்ட பாட்டைக் கேட்டு நாங்கள் எல்லோருமாகச் சிரித்தோம்.

எனக்குச் சுடத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. எனக்குப் பிடித்தது அந்த ஊர். வருடத்தில் பாதி நாள் பனிமூட்டத்திலும் மழையிலும் நனைந்து கிடக்கிற மலையில் பிறந்தவளுக்கு, திரையில் இருந்த அந்த மணல் ஊரின் வெயில் ஓர் அதிசயம். மஞ்சள் சுவர்கள், நீல வானம், யாருமில்லாத சந்தை. ஆட்டம் தொடங்கியதும் மற்றவர்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நான் கொஞ்சம் வெயில் காய்வேன். அண்ணன் இதைக் கண்டுபிடித்து, எனக்கென்று ஒரு வேலை கொடுத்தார். பின்வாசலில் நிற்கவேண்டும். காலடி கேட்டால் சொல்லவேண்டும். அவ்வளவுதான்.

"கொழுந்து, பின்னால?" என்று அவர் கேட்பார்.

"ஒருத்தன் வர்றான் அண்ணே, மெதுவா வர்றான்," என்பேன்.

என் சொல்லை நம்பி அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் முன்னால் போவார். அதில் எனக்கு இருந்த பெருமையை எப்படிச் சொல்வது? பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் யாரும் என்னிடம் முதுகைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக நடந்ததில்லை. அம்மாவிடம் ஒருநாள் இந்த விளையாட்டைப் பற்றி விளக்கிச் சொன்னேன். மலையில் கொழுந்து பறிக்கும்போது பக்கத்து நிரைக்காரி பின்தங்கினால், அவளுடைய நிரையிலும் நாலு கை பறித்துவிட்டுத்தான் அம்மா மேலே ஏறுவார். அதை வைத்து அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த வெளையாட்டுல பின்னுக்கு நிக்கிறவளுக்காக யாராச்சும் நிப்பாங்களா?" நிற்பார்கள் என்று சொன்னேன். அப்போது அதை மனதார நம்பினேன்.

வெற்றி ருசி கண்ட பிறகு விளையாட்டின் முகம் மாறியது. சனி ஞாயிறுகளில் கொழும்பு, கண்டி அணிகளோடு ஆட்டம். அண்ணன் போட்டோ கொப்பித் தாள்களின் பின்புறத்தில் வரைபடம் வரைந்து, யார் எந்த மூலையில் நிற்பது என்று பாடம் எடுத்தார். சிரிப்பு குறைந்தது. தோற்றால் யாரால் தோற்றோம் என்று விசாரணை நடந்தது. பெரும்பாலும் என்னால்தான். ஒருமுறை நான் வெயில் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில் ஒருவன் உள்ளே புகுந்துவிட்டான். அன்று முழுக்க அண்ணன் என்னோடு பேசவில்லை. வலித்தது. அடுத்த வாரம் நன்றாக நின்றபோது, எல்லோர் முன்னாலும் எனக்குச் சாப்பிட ஒரு ரோல்ஸ் வாங்கிக்கொடுத்தார். வலி போய்விட்டது. அந்த விளையாட்டுகளின் சூட்சுமமே அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு கையால் தள்ளும், மறு கையால் தடவிக்கொடுக்கும்.

கடைசியில் கொழும்பில் நடக்கிற இறுதிப்போட்டிக்குத் தேர்வானோம். ஒரு பெரிய மண்டபத்தில், பெரிய திரையில். அப்பாவிடம் அனுமதி வாங்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. பெண் பிள்ளையைக் கொழும்புக்கு, அதுவும் இந்த நேரத்தில், அதுவும் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கா என்று குதித்தார். சாப்பிடாமல் கிடந்தேன். பெரியம்மாவும் கூட வருவதாகச் சொன்ன பிறகுதான் இறங்கி வந்தார். புதுச் சுடிதார் தைத்தேன். கொழும்பில் குளிராது என்று தெரிந்தும் ஸ்வெட்டரையும் எடுத்துவைத்தேன்.

போட்டிக்கு முதல் நாள் அண்ணன் முகம் தொங்கக் கடைக்கு வந்தார். "நெலம சரியில்ல தங்கச்சி. கூட்டம் கூட விடமாட்டாங்களாம். போட்டி இல்லன்னு சொல்லிட்டாங்க," என்றார்.

நிலைமை சரியில்லை. அந்த வருடங்களில் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. கல்யாணம், திருவிழா, பரீட்சை, எது தள்ளிப்போனாலும் அந்த இரண்டு சொல் போதும். தமிழர் யாரும் அதைப் பொய்யாகச் சொல்வார்கள் என்று நினைக்கவே தோன்றாது. எனக்கு என் ஏமாற்றத்தைவிட அவரைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. இஞ்சி தட்டிப்போட்டு ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொடுத்து, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தேற்றினேன். அவர் அதைக் குடித்தார். நான் தேற்றியதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நாளைக்கு மெஷினுக்குச் சாமான் வாங்கக் கண்டிக்குப் போவதாகவும், கடையை நான் பார்த்துக்கொள்ளவேண்டும் என்றும் சொன்னார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மழை. கடையில் கூட்டமில்லை. பொழுதுபோகாமல் விளையாட்டைத் திறந்தேன். நடக்கிற ஆட்டங்களை வெளியிலிருந்து வேடிக்கை பார்க்க அதில் ஒரு வழி உண்டு. அந்தப் பட்டியலில் முதலாவதாக இருந்தது கொழும்பு இறுதிப்போட்டி. ஏதோ பழைய ஆட்டமாக இருக்கும் என்று நினைத்து உள்ளே போனேன். அண்ணனின் பெயர் இருந்தது. மற்ற மூவரின் பெயர்களும் இருந்தன. அவற்றுக்குக் கீழே கொழுந்து ஓடிக்கொண்டிருந்தது.

என் விரல்கள் மேசையில் சும்மா கிடந்தன. கொழுந்து அங்கே ஓடியது. முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அணியின் பெயர்களை முன்கூட்டியே பதிந்தாயிற்று, மாற்ற முடியாது. அதனால் வேறொருவனை என் பெயரில் உட்காரவைத்திருக்கிறார்கள். அவன் பின்வாசலில் நிற்கவே இல்லை. வெயிலையும் பார்க்கவில்லை. முன்னால் ஓடினான், சுட்டான், திரும்பவும் ஓடினான். என் பெயர் என்னைவிட நன்றாக விளையாடியது.

பார்க்காமல் மூடிவைத்திருக்கலாம். முடியவில்லை. பின்வாசல் காலியாகக் கிடந்தது. "பின்னால பாருங்க அண்ணே," என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன். போட்டோ கொப்பி எடுக்க வந்து கவுண்டரில் நின்ற தோட்டத்துப் பெரியவர் திடுக்கிட்டுத் தன் பின்னால் திரும்பிப் பார்த்தார். கடைசி ஆட்டத்தில் எங்கள் ஆட்கள் ஜெயித்தபோது நான் கை தட்டினேன். என்ன பிள்ளை, நல்ல செய்தியா என்று அவர் விசாரித்தார். "ஆமாங்க, நாங்க ஜெயிச்சிட்டோம்," என்றேன். நாங்க என்று என் வாயால் சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. அவர் பாவம், கொப்பி எடுக்காமலே படியிறங்கிப் போய்விட்டார்.

அடுத்த நாள் எங்கள் அணிப் பையன்களில் ஒருவன், ஓர் ஆசிரியரின் மகன், கடைக்கு வந்தான். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த குடும்பம். எதையும் மரியாதையாகக் கேட்கிறவன். "அக்கா, உங்களுக்குக் காய்ச்சல் எண்டு அண்ணை சொன்னவர். இப்ப சுகமோ?" என்றான். அவனை ஏறிட்டுப் பார்த்தேன். அவனுக்கு ஒன்றுமே தெரியாது. அதுவரை எல்லோரும் சேர்ந்து என்னைக் கழற்றிவிட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். நாலு பேர் சேர்ந்து செய்ததென்றால் பங்கு போட்டு வெறுக்கலாம். செய்தது ஒரே ஆள். எனக்கு ஒரு பொய், அவர்களுக்கு ஒரு பொய்.

அண்ணன் வந்ததும், எனக்குக் காய்ச்சல் என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். மெஷினுக்குத் தாள் அடுக்கிக்கொண்டே பதில் சொன்னார்.

"நீ வெளையாட்டுக்கு வெளையாடுறவ. அவங்க ஜெயிக்கணும்னு வந்தவங்க. கண்டியில ஒரு நல்ல ஆள் கெடச்சான். சொன்னா நீ மனசு கஷ்டப்படுவ."

அவர் சொன்னதில் பாதி உண்மை. நான் விளையாட்டுக்கு விளையாடியவள்தான். கேட்டிருந்தால் நானே எழுந்து இடம் கொடுத்திருப்பேன். கொழும்புவரை போய்க் கீழே உட்கார்ந்து கை தட்டியிருப்பேன். கேட்பதற்குக்கூட நான் ஓர் ஆளாக இல்லாமல் போனதுதான் பொறுக்கவில்லை. அந்த வாரத்தோடு கடைக்குப் போவதை நிறுத்தினேன். பரீட்சை முடிவு வந்தது, கல்வியியல் கல்லூரி, வேலை, கல்யாணம் என்று வாழ்க்கை அதன்பாட்டில் போனது. அண்ணனோடு பேச்சு விடவில்லை. சொந்தத்துக்குள் அப்படி விட முடியுமா?

இப்போதும் விளையாடுகிறேன், கைத்தொலைபேசியில், முன்பின் தெரியாதவர்களோடு. அடிபட்டு விழுந்த என்னைத் தூக்கிவிட எவனோ ஒருவன் ஓடிவரும்போது மனம் இன்னும் குளிர்கிறது. அடுத்த நிமிடமே, உன்னால்தான் தோற்றோம் என்று அதே ஆள் தாயையும் சேர்த்துத் திட்டுவான். நிரந்தரமாக எங்கள் அணியில் சேருங்கள் என்று சிலர் அழைத்ததுண்டு. நன்றி சொல்லிவிட்டு வெளியேறிவிடுவேன். தெரியாதவன் திட்டினால் தொலைபேசியை அணைத்துவிடலாம்.

போன வருடம் அண்ணன் மகளின் சடங்கு, ஹட்டனில் ஒரு மண்டபத்தில். அண்ணன் டுபாயிலிருந்து வந்திருந்தார், முடி நரைத்து. சாப்பாட்டுக்குப் பிறகு பையன்கள் மூலையில் கூடித் தொலைபேசியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் நாற்காலியை இழுத்துப்போட்டு அவர்களிடம் கொழும்பு வெற்றியைச் சொல்ல ஆரம்பித்தார். நான் வெற்றிலைத் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். என்னைக் காட்டினார்.

"கப் எடுத்த அன்னைக்கு உங்க அத்தைதான் பின்வாசல்ல நின்னா. ஒருத்தன உள்ள விடல."

பையன்கள் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தார்கள். சேலையும் நரையுமாக நிற்கிற கணக்கு டீச்சர். உண்மையா அத்தை என்றான் ஒருவன்.

"நான் அன்னைக்குக் கடையில இருந்தேன்டா," என்றேன். "உங்க பெரியப்பா என்ன கூட்டிட்டுப் போகல."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தீங்களா? இவளுக்கு எப்பவும் வெளையாட்டுத்தான்."

பையன்களும் சிரித்தார்கள். நான் அவருடைய கண்ணையே பார்த்தேன். போட்டி இல்லை என்று பொய் சொன்ன அன்று அந்தக் கண் என் முகத்தைப் பார்க்காமல் பிளேன்டீயையே பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது நேராக, அன்பாக என்னைப் பார்த்தது. அதில் கலக்கம் இல்லை, பொய்யே இல்லை. பெரிய திரையில் என் பெயரைப் பார்த்தவர், வருடங்கள் போகப் போக அந்த நாற்காலியில் என்னையே உட்காரவைத்துவிட்டார். செய்த தப்பு எங்கோ ஒரு மூலையில் அவரை உறுத்திக்கொண்டிருக்கும், என்றாவது ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்வார் என்று நம்பித்தான் இத்தனை காலம் அண்ணே அண்ணே என்று பேசிக்கொண்டிருந்தேன். இனி அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அவரைப் பொறுத்தவரை நான் கொழும்புக்குப் போய் வந்துவிட்டேன்.