அமெரிக்கரின் இடுகாடும் சித்தப்பாவின் சுடுகாடும்

அறுபத்தேழில் சென்னையில் ஆட்சி மாறிய புதிது. மிராசுதாரிடம் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எங்கள் சேரித் தெருவே வேலைநிறுத்தத்தில் இருந்தது. கல்லூரி நூலகத்தில் படித்த, போன நூற்றாண்டு அமெரிக்க அரசியல்வாதி ஒருவரைப் பற்றிச் சித்தப்பாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். விடுதலையான அடிமைகளுக்கு முதலாளிகளின் நிலத்தைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லிச் சபையில் தோற்ற வெள்ளையர் அவர். கறுப்பர்களையும் சேர்க்கும் இடுகாட்டிலேயே தன்னைப் புதைக்கச் சொன்னவர்.

"நெலம் கெடைக்கலன்னா போவுது. சுடுகாட்டுக்கு வழியாச்சும் வச்சிருந்தானுவளா?" என்று சிரித்தார்.

ஐப்பசி மழையில் சித்தப்பா இறந்தார். சுடுகாட்டுக்குப் போகும் வரப்பை வெட்டிவிட்டு, வெளியூர் ஆட்களை வைத்து மிராசுதார் நடவு போட்டிருந்தார். "பயிர்ல கால வச்சா கேஸுதாண்டா" என்றார் அவருடைய வயல்களைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர்.

பாடையைத் தலைக்குமேல் தூக்கி, மார்பளவுத் தண்ணீரில் வாய்க்காலைக் கடந்தோம். விறகு முழுக்க நனைந்துவிட்டது. எரிக்க முடியாமல் புதைத்துவிட்டுத் திரும்பினோம்.