கோயிலுக்கு எந்தப் பக்கம்

வெளிநாட்டுக்கு வந்து நாங்கள் வாங்கிய மில்லிக்கன் வீட்டுப் பேஸ்மென்ற்றில் சனிக்கிழமைகளில் ஒரு மந்திரப் பேரரசு நடந்தது. மகளும் நண்பர்களும் மேசையைச் சுற்றி இருந்து, ஆளுக்கொரு வேஷம் எடுத்து விளையாடும் கதை விளையாட்டு அது. ஒருநாள் ஆள் குறைந்ததால் என்னைப் பிடித்து இருத்தினார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குக் குதிரை லாயக்காரன் வேஷம். என் கையில் மந்திரம் இருந்ததாம். ஆனால் சுத்த இரத்தமுள்ள பிரபுக்கள் மட்டுமே மந்திரம் செய்யலாம் என்பது அங்கே சட்டம்.

மகள் கட்ட விரும்பிய பெடியன்தான் கதையை நடத்தினார். அரண்மனையின் வம்சப் பதிவாளரும் அவரே.

"லாயக்காரா, உன்ரை ஏழு தலைமுறையைச் சொல்லு!" என்று அதட்டிவிட்டு, "சொறி அங்கிள், இது கேம்" என்றார்.

எனக்கு மூன்றுக்கு மேல் தெரியாது. மகள் காதுக்குள் சொன்னாள்: "அப்பா, ஒரு ரூல் இருக்கு. கேக்கிற ஆள்தான் முதலிலை இரத்தக் கல்லிலை கை வைக்கவேணும்."

இரத்தக் கல் என்பது நாங்கள் இஞ்சி இடிக்கும் சின்ன உரல். கலப்பு இருந்தால் அது கறுத்துவிடுமாம். நான் அந்த விதியைச் சொன்னதும் பதிவாளருக்குத் திடீரென்று இருமல் வந்தது. அந்தப் பேரரசில் கல்லில் கை வைத்த பிரபு ஒருவரும் இல்லையாம்.

அடுத்த மாதம் பெடியனின் தாயார் மகனையும் கூட்டிக்கொண்டு சம்பந்தம் பேச வந்தார். தாயார் ஓமென்றால்தான் கல்யாணம். மனைவி குசினியில் றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்ததால், கதைக்கிற வேலை என்னிடம் விழுந்தது. புது ஆட்களோடு கதைப்பதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"நீங்கள் கோயிலுக்கு எந்தப் பக்கம், அண்ணை?" என்று தாயார் கேட்டார்.

எங்கள் ஆட்கள் சாதியைச் சாதி என்று கேட்கமாட்டார்கள். கோயிலின் எந்த வீதியில் வீடு என்று கேட்டு, மிச்சத்தைத் தாங்களே கண்டுபிடிப்பார்கள். பதற்றத்தில் எனக்கு நினைவில் வந்தது இங்கே நாங்கள் போகும் றிச்மண்ட் ஹில் கோயில்.

"தெற்குப் பக்கம். காரிலை இருபது நிமிஷம். பார்க்கிங்தான் கரைச்சல்."

"உந்தக் கோயில் இல்லை. ஊர்க் கோயில். நீங்கள் ஆர் ஆக்கள் எண்டு..."

தேநீருக்கு இஞ்சி இடித்த உரல் மேசையிலேயே இருந்தது. அதைப் பார்த்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "கேக்கிற ஆக்கள்தான் முதலிலை சொல்லவேணும். அதுதான் ரூல்."

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். பெடியன் உரலைத் தூக்கித் தாயின் முன்னால் வைத்தார்.

"அங்கிள் சொல்லுறது சரி. யூ கோ ஃபர்ஸ்ட், அம்மா. ஏழு தலைமுறை."

தாயார் உரலைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். பதிவாளருக்கு வந்த அதே இருமல் அவருக்கும் வந்தது. நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். குடித்துவிட்டு ஒரு றோல்ஸ் எடுத்தார். பாதி சாப்பிட்ட பிறகு கேட்டார்:

"சரி, எந்தப் பக்கம் பாக்கிறியள்?"

மறுபடி கோயிலோ என்று நான் உரலுக்குக் கை நீட்டினேன்.

"கல்யாண மண்டபத்தைக் கேக்கிறா, அப்பா," என்றாள் மகள்.

"இங்கை கிட்டத்தான், மார்க்கம் பக்கம்," என்றேன்.