புரோக்கர் கூட்டி வந்த ஓவர்சியர்

ஓசூரில் ஃபேக்டரி வேலைக்குச் சேர்ந்த புதிதில், பேரிகை சாலையில் ஒரு வீடு விலைக்கு வந்தது. என் மனைவிக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் கட்டடத்தைச் சோதித்துச் சொல்ல, ஓய்வு பெற்ற ஓவர்சியர் ஒருவரைப் புரோக்கரே கூட்டி வந்தார். ஒல்லியான மனிதர். காலி வீட்டுக்குள்ளும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைந்தார். ஒவ்வொரு அறையிலும் வெறுங்காலோடு சற்று நின்றார்.

"தரையில ஈரம் ஏறுதுங்க. வாங்காதீங்க," என்றார், புரோக்கர் பக்கத்தில் நிற்கும்போதே.

புரோக்கர் டீ சொல்லப் போனார்.

"அவரு கோவிச்சுக்க மாட்டாருங்களா?" என்று கேட்டேன்.

"கோவிச்சுக்குவாரு. போன வாட்டி ரொம்ப நாள் பேசவே இல்ல. அப்புறம் தனக்கு வீடு பாக்கணும்னு என்னையத்தான் கூப்பிட வந்தாரு."

நாங்கள் அந்த வீட்டை வாங்கவில்லை. டீ குடித்ததும் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் கிளம்பிப் போனார்கள். வழியில் என்ன பேசிக்கொண்டார்களோ, தெரியவில்லை.