இரண்டு வாளிப் பால்

தையற்காரிக்குத் தெருவில் குண்டூசி என்று பேர். தைக்கும்போது உதட்டில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருப்பாள். பிடிக்காதவர் எதிரில் வந்தால் தைக்காதபோதும் கவ்விக்கொள்வாள்.

ஓரகத்தியோடு பேச்சு நின்று ஒரு மழைக்காலம் போய்விட்டது. தைத்துக் கொடுத்த சட்டையின் கை இறுக்கிப் பிடிக்கிறது என்று வந்தவள், "துணியைக் கொஞ்சம் நீங்களே வச்சுக்கிட்டீங்களோ" என்று நாலு பேர் முன்னால் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் பொறுக்கவில்லை. அதன்பிறகு ஒரே வீடு, ஒரே மாடு, பேச்சு மட்டும் இல்லை. சொல்லவேண்டியது புருஷன்மார் வழியாகப் போய்வரும். அண்ணனும் தம்பியும் தபால்காரர் வேலை பார்த்துச் சலித்துவிட்டார்கள்.

அந்த மாடு ஈன்ற கன்று தண்ணீராகக் கழிந்தது. கண் உள்ளே போயிற்று. எழுந்திருக்கவில்லை.

மாட்டு டாக்டர் வந்து கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. தான் வைத்த மடிப்பு கலையாமல் நிற்பது தையற்காரிக்குப் பெருமை. இந்த மடிப்பை அவளே குனிந்து நீவிவிட்டாள்.

"பால் யார் குடுக்கிறது?"

"நான்தான்," என்றாள் தையற்காரி.

"நான்தான்," என்றாள் பின்னால் நின்ற ஓரகத்தி.

"ஆளுக்கு ஒரு வாளியா? இப்போ?"

"கழியுதேன்னு நிறுத்திட்டேன்."

"நானும்."

டாக்டர் இருவரையும் பார்த்தார். "முதல்ல வயிறு முட்டக் குடுத்திருக்கீங்க. அப்புறம் பட்டினி போட்டிருக்கீங்க. வீட்ல பேசிக்கவே மாட்டீங்களா?"

அவர் ஒரு பொடியை எடுத்து வைத்தார்.

"பாலை நிறுத்தக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. நடுநடுவே இதை வெதுவெதுப்பான தண்ணில கரைச்சுக் குடுங்க, பால்ல கலந்துடாதீங்க. கீழே ஈரம் இருக்கக் கூடாது. ஒருத்தர் குடுத்தது இன்னொருத்தருக்குத் தெரியணும். இல்லேன்னா இது பிழைக்காது."

மத்தியானம் தபால்காரர்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். தையற்காரி காய்ந்த வைக்கோல் பரப்பி, மருந்துத் தண்ணீரைப் புகட்டி முடித்தாள். வாசலில் நிழல் விழுந்தது. ஓரகத்தி, கையில் பாலோடு. தையற்காரியின் உதட்டில் ஊசிகள் இருந்தன.

ஓரகத்தி கன்றைப் பார்த்தாள். பாலைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் குனிந்தாள்.

தையற்காரி ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் குத்திக்கொண்டாள்.

"இப்பதான் தண்ணி குடுத்தேன். பாலைக் கொஞ்சம் பொறுத்துக் குடு."

"சரிக்கா."

பொழுது சாய்வதற்குள் இப்படிப் பலமுறை கேட்டு, பலமுறை சொல்லியாயிற்று. தையற்காரி கன்றின் கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டாள். மடிப்பு மெதுவாக இறங்கியது.

"அக்கா, அந்தச் சட்டை விஷயம்..."

"முதல்ல இது எழுந்து நிக்கட்டும்," என்றாள். "அப்புறம் உன் சட்டைக் கையைப் பிரிச்சுத் தைச்சுத் தர்றேன்."