சாராய வாடை மாப்பிள்ளை

போன மாதம் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் பழைய போத்தல் தேடி எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்தக் காலத்தில் ஹட்டனில் பீப்பாய்ச் சாராயத்தை வாங்கி, மான் உருவம் பதித்த தன் போத்தல்களில் அடைத்து விற்ற வியாபாரியைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. மானின் கொம்பு எத்தனை கிளையாக இருந்தால் அபூர்வம் என்றுகூட விளக்கினார். அதைக் குடித்தவர்களின் வீட்டில் என்ன நடந்தது என்று மட்டும் கேட்கவில்லை. சேகரிப்பவர்களுக்குக் காலிப் போத்தல்தானே வேண்டும்.

அந்தப் போத்தல்களை நிரப்பியவர் என் கணவர். கடையின் பின்கட்டில் பீப்பாய்க்குள் ரப்பர் குழாயை விட்டு, வாயால் ஒரு உறிஞ்சு உறிஞ்சி, வாயில் வந்ததைத் துப்பிவிட்டுப் போத்தலைப் பிடிப்பார். பிறகு தக்கை அடித்து, அரக்கு உருக்கி மூடி, லேபல் ஒட்டுவார். ஒரு சொட்டு விழுங்கியதில்லை. ஆனால் சட்டை, தலைமுடி, மூச்சு எல்லாம் சாராயமாக மணக்கும். ஊரிலேயே பெரிய குடிகாரர் என்று பேரெடுக்க அவர் குடிக்கவே வேண்டியிருக்கவில்லை.

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து, தோட்டத்துத் தமிழர்களான எங்கள் குடியுரிமை பறிபோய் எங்களுக்கு நாடே இல்லை என்றான பிறகு சில வருஷம் கழித்து அவர் என்னைப் பெண் பார்க்க வந்தார். அப்போது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்த ஒற்றை அறை வீடுகளில், மான் போத்தல் இல்லாத காம்பரா கிடையாது. தேங்காயெண்ணெய் அதில்தான், மண்ணெண்ணெய் அதில்தான், தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருமல் மருந்து வாங்கப் போனாலும் அதைத்தான் கொண்டுபோக வேண்டும். குடிகார வீடு என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்துவிடுவார்களே என்று அம்மா காலையிலேயே எல்லாப் போத்தல்களையும் சாக்கில் கட்டி அடுத்த காம்பராவில் ஒளித்துவிட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா வந்து உட்கார்ந்ததும் நாலு பக்கமும் பார்த்தார்.

"ஏம்மா, ஒரு போத்தல்கூட இல்லையே. மண்ணெண்ணெய எதுல வாங்குறீங்க?"

அம்மா முழித்தார். ஒன்றுமில்லாத வீட்டைவிட எல்லாவற்றையும் ஒளித்த வீடுதான் சந்தேகத்துக்குரியது என்பது அந்த அம்மாளின் கட்சி. அடுத்த காம்பராக்காரி நேரம் பார்த்துச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, ஒங்க போத்தலெல்லாம் பத்திரமா இருக்கு, எங்க வைக்கட்டும்?" என்றாள். நான் கதவுக்குப் பின்னால் தலையில் அடித்துக்கொண்டேன்.

அதைவிடப் பெரிய கூத்து அதற்குப் பிறகு. முதலாளி அரை நாள்தான் லீவு கொடுத்திருந்ததால் மாப்பிள்ளை வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். அவர் வாயைத் திறந்து வணக்கம் சொன்னதும் அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"குடிச்சுப்புட்டா பொண்ணு பாக்க வந்த? குடிகாரனுக்கு எம் பொண்ணக் குடுக்க மாட்டேன்!"

சொன்னவர் யார்? சனிக்கிழமை தவறினாலும் சாராயத் தவறணைக்குப் போவது தவறாதவர். சிரிப்பு வந்திருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது. அந்த மனிதரின் முகம் எனக்குப் பிடித்துப்போயிருந்தது. இது முறிந்தால், அப்பாவோடு தவறணையில் உட்காரும் கூட்டாளி ஒருவரின் மகன் அடுத்ததாகக் காத்திருந்தான்.

"மாமா, நான் குடிக்கலீங்க. வேல அப்புடிங்க," என்றார் அவர்.

"சாராயக் கடையில வேல செஞ்சுக்கிட்டு குடிக்காம இருக்க ஒனக்கென்ன பைத்தியமா?" என்றார் அப்பா. அனுபவஸ்தர் அல்லவா, அவரால் நம்பவே முடியவில்லை.

அதுவரை பேசாமலிருந்த அம்மா மாப்பிள்ளைக்கு எதிரே போய் நின்றார். அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அப்பாவிடம் திரும்பினார். வெளியாட்கள் முன்னால் அம்மா குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"ஏங்க, இந்த வாடை வீட்டுக்குள்ள வந்தா அடுத்தாப்புல அடி விழும். கல்யாணமான நாள்லேருந்து எனக்கு அதுதான் தெரியும். இந்தத் தம்பி வந்து இவ்வளவு நேரமாச்சு. வாடை மட்டுந்தான் வந்திருக்கு. குடுத்துருவோம்."

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து எங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

கல்யாணமாகி டிக்கோயாப் பக்கம் குடிபோனோம். அம்மா அன்று சொன்னது புத்திக்கு விளங்கியிருந்தது, உடம்புக்கு விளங்கவில்லை. சாயங்காலம் அந்த வாடை வாசலுக்கு வந்தால், சின்ன வயசிலிருந்து செய்ததையே செய்வேன். கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவேன். அவர் ஒரு நாள் ஏன் என்று கேட்டார். "பயமா இருக்குங்க," என்றேன். சாப்பிட்டுவிட்டு அப்படியே படுத்துவிட்டார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் கடைக் குழாயடியில் தலை முழுகி, வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார். ஹட்டன் குளிரில், அந்திமழையில், பச்சைத் தண்ணீரில். கூட வேலை செய்தவர்கள் விடுவார்களா?

"குடிச்சவன்லாம் அப்புடியே வீட்டுக்குப் போறான். குடிக்காத ஒனக்கு எதுக்குடா குளிப்பு?"

இதை அவரே சிரித்துக்கொண்டு வாசலில் நின்று சொன்னார். குளிரில் பல் கிடுகிடுத்துக்கொண்டிருந்தது. நான் வாசலுக்குப் போய், அவர் தலையைக் குனியச் சொல்லி, முந்தானையால் துவட்டிவிட்டேன்.