எலாஸ்டிசிட்டிக்கு ஒரு சைகை

தில்லியில் அந்தக் கல்லூரியில் சைகை மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்த முதல் நாள், வகுப்பில் நான் எங்கே உட்கார வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. நானே போர்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். மைதிலி மேடம் பொருளியல் நடத்துவார். அவர் சொல்வதை நான் கையால் சொல்வேன். முதல் பெஞ்சிலிருந்து ஃபிர்தவுஸ் பார்ப்பாள். தில்லி சீலம்பூர்ப் பெண், பிறவியிலேயே காது கேட்காது. என் கையைப் பார்த்துக்கொண்டே அவளால் நோட்ஸ் எழுத முடியாது. அதனால் பக்கத்துப் பெண்ணின் நோட்டை போனில் படம் எடுத்துக்கொள்வாள்.

வகுப்பில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். ஆனால் முதல் இன்டர்னல் டெஸ்டில் ஃபெயில். மேடம் விடைத்தாளை எனக்குக் காட்டினார். கடினமான சொற்களில்கூட ஸ்பெல்லிங் பிழை இல்லை. ஆனால் ஒரு வாக்கியத்துக்கும் அர்த்தம் இல்லை. அது எப்படி என்று எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் கேன்டீனில் ஃபிர்தவுஸ், படிப்பை விடப்போவதாகச் சொன்னாள். அக்கா வேலை செய்யும் தையல் யூனிட்டில் ஓர் இடம் இருக்கிறதாம். எனக்குப் புத்திமதி சொல்லத் தோன்றவில்லை. தெரிந்துகொள்ளத்தான் தோன்றியது. டெஸ்டில் வந்த எலாஸ்டிசிட்டி என்றால் என்ன என்று கேட்டேன். அதன் ஆங்கில எழுத்துகளை ஒன்று விடாமல் விரலில் போட்டுக் காட்டினாள். அதற்கு அர்த்தம் என்ன என்றேன். கொஞ்சம் தயங்கி, இடுப்பில் கை வைத்து இழுத்து விட்டாள். பைஜாமா எலாஸ்டிக்! பிறகு மெதுவாகக் கையால் சொன்னாள்: “உங்க கை தெரியுது. அர்த்தம் தெரியல.”

எலாஸ்டிசிட்டி என்ற சொல்லுக்கு எங்களிடம் சைகை கிடையாது. சைகை இல்லாத சொல்லை எழுத்தெழுத்தாக விரலில் போடுவதுதான் எங்கள் தொழில் வழக்கம். பொருளியலில் பாதிச் சொற்கள் அப்படிப்பட்டவை. ஆக, அவளுக்கு நாள் முழுக்கப் போய்ச் சேர்ந்தவை ஆங்கில எழுத்துகள் மட்டுமே.

மைதிலி மேடம் தில்லித் தமிழர், ஆர்.கே.புரம் அரசுக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். இதைச் சொன்னால் சலித்துக்கொள்வாரோ என்று நினைத்தேன்.

“அச்சா, பைஜாமா எலாஸ்டிக்னா சொன்னா?” என்றார். “அது தப்பே இல்லையே ஜெசிந்தா. இழுத்தா எலாஸ்டிக் எவ்வளவு நீள்றதுங்கற மாதிரி, விலை ஏறினா வாங்கறது எவ்வளவு குறையறதுங்கறதுதானே விஷயம். அவளைக் கூப்பிடுங்கோ.”

ஸ்டாஃப் ரூமில் என் மூலமாக மேடம் அவளிடம் கேட்டார். உப்பு விலை ஏறினால் உங்கள் வீட்டில் உப்பைக் குறைப்பார்களா? இல்லை என்றாள். மாம்பழம் விலை ஏறினால்? வாங்கவே மாட்டோம் என்றாள்.

சொல்லிவிட்டுத் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடது கையை விலையாக மேலே உயர்த்தினாள். வலது கை அசையவில்லை. அது உப்பு. மறுபடி இடது கையை உயர்த்தினாள். வலது கை சரேலென்று கீழே இறங்கியது. அது மாம்பழம். மேடத்துக்கு அதை விளக்க நான் வாயைத் திறக்கப் போனேன்.

“இருங்கோ, நீங்க சொல்லாதீங்கோ” என்றார் மேடம். “எனக்கே புரியறது.”

அவருக்குச் சைகை மொழி ஒரு சொல்கூடத் தெரியாது.

அன்று முதல், வரப்போகும் பாடத்தின் சொற்களை மேடம் முன்கூட்டியே கொடுத்துவிடுவார். மூவரும் உட்கார்ந்து சைகை தேடுவோம். சில உடனே கிடைத்தன. ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் கைவிட்டுப்போகும் இன்னொன்றின் மதிப்பு, அதாவது ‘ஆப்பர்ச்சுனிட்டி காஸ்ட்’டுக்கு ஒரு வாரம் சண்டை போட்டோம். ஃபிர்தவுஸ் தையல் யூனிட்டுக்குப் போகவில்லை. அடுத்த டெஸ்டில் தட்டுத்தடுமாறி பாஸ். செமஸ்டர் தேர்வில் நன்றாகவே எழுதினாள்.

மறு வருடம் சரிதா என்று இன்னொரு காது கேளாத மாணவி அதே பாடத்தில் சேர்ந்தாள். ஃபிர்தவுஸின் எலாஸ்டிசிட்டி சைகை நீளம் என்று, ஒரே கையால் சுருக்கமாக வேறொன்று போட்டாள். ஃபிர்தவுஸுக்குக் கோபம் வந்துவிட்டது. சில நாள் கழித்துப் பார்த்தால், அவளும் சரிதாவின் சைகையைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ‘புரிஞ்சுதா?’ என்று மாணவரிடம் கேட்காதீர்கள். ஆமாம் என்றுதான் பதில் வரும். ‘என்ன புரிஞ்சுது?’ என்று கேளுங்கள். பதில் தப்பாக வந்தால் நல்லது. பாடத்தை எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்துவிடும்.